குடிக்காமல் வைத்த செம்பு

போன கிழமை என் கைத்தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்து முடித்தாயிற்றாம், முடிவைக் கீழே உள்ள இணைப்பில் பார்த்துக்கொள்ளலாமாம். அனுப்பியது நான் வேலை செய்து ஓய்வுபெற்ற அதே நீர் அலுவலகம். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவி, கண்ணாடியைத் தேடிப் போட்டு, இணைப்பைத் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு அளவு. முடிவு நல்ல முடிவுதான். ஆனாலும் எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது.

கோபத்தோடேயே அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். எனக்குப் பிறகு என் கதிரைக்கு வந்த சிந்துஜா கதைத்தாள். பொறுமையான பிள்ளை.

"மிஸ், இப்ப எல்லாம் கெதியாப் போயிடுது. முந்தி நீங்கள் ஒவ்வொரு படலையா ஏறி இறங்கினனீங்களாமே. என்னத்துக்கு அப்பிடி அலைஞ்சனீங்கள் எண்டு புதுசா வந்த பிள்ளையள் கேக்கினம். ஒருக்கா எழுதித் தாங்கோவன்."

அலைந்தது உண்மைதான். என் முழங்கால்களைக் கேட்டால் குறுஞ்செய்திக்குத்தான் வாக்குப் போடும். ஆனால் சிந்துஜா கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற மறுமொழி சுருவில் என்ற ஊர்ப் பக்கத்து ஒரு கிணறு மட்டும்தான். அதை எழுதுகிறேன்.

நான் வேலணைத் தீவுப் பெட்டை. கண்டிப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் தண்ணீரைப் பற்றிப் படிப்பித்தார்கள். போத்தல் கழுவுவதில் தொடங்கி மானி பார்ப்பது வரை எல்லாம் பழகினேன். ஒரு வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போய், உங்கள் கிணறு பழுது என்று எப்படிச் சொல்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

வேலை கிடைத்த பிறகு தீவுகள் முழுக்க என் காலடியில் வந்தன. நெடுந்தீவுக்குப் போகிற படகில் சத்தி எடுத்துக்கொண்டே போய், எடுத்துக்கொண்டே திரும்பி வருவேன். எழுவைதீவில் வள்ளம் தவறவிட்டு, ஒரு வீட்டு விறாந்தையில் படுத்திருக்கிறேன். மாதிரித் தண்ணீர் கெட்டுப்போகாமல் இருக்கத் தோளில் ஒரு ஐஸ் பெட்டி எப்போதும் தொங்கும். குறிகட்டுவான் இறங்குதுறையில் அதைக் கண்ட சனம், "என்ன மீன் மிஸ், விளைமீனோ?" என்று விலை கேட்கும். தண்ணீர் என்றால் நம்பாது. தண்ணீரை எவன் ஐஸில் வைத்துத் தூக்கிக்கொண்டு திரிவான் என்று சிரிக்கும். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோசமாக இருக்கிறது.

தீவுத் தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு ஆறும் இல்லை, குளம் என்று சொல்லத்தக்க குளமும் இல்லை. மாரியில் பெய்கிற மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே பாலில் ஆடை போல மெல்லிய படையாக மிதந்துகொண்டிருக்கும். நாங்கள் அள்ளுவது அந்தப் படையைத்தான். ஆறுதலாக அள்ளினால் நல்ல தண்ணீர் வரும். அவசரப்பட்டு இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். ஏறினது இறங்கக் கன காலம் எடுக்கும்.

என் மேலதிகாரி இரத்தினசிங்கம் சேர். பொறியியலாளர். நெடிய மனிதர், குரல் மட்டும் சின்னது. யாருடைய வளவுக்குள் போனாலும் செருப்பைப் படலையிலேயே கழற்றிவிடுவார். வெயிலில் சுட்ட மண்ணில் அவர் வெறுங்காலோடு நடக்க, பின்னால் நான் சப்பாத்தோடு போக வெட்கப்பட்டு, நானும் கழற்றப் பழகினேன். வீட்டுக்காரர் இருங்கோ என்று சொல்லும்வரை இருக்கமாட்டார். தண்ணீர் முடிவு வந்தால் முதலில் கேட்க வேண்டியவர் கிணற்றுக்குச் சொந்தக்காரர், கொழும்புக்கு அனுப்புவது அதற்குப் பிறகு என்பது அவருடைய சட்டம். சனத்திடம் மூன்று விசயம் சொல்லச் சொல்லுவார். எங்களுக்குத் தெரிந்தது, தெரியாதது, அடுத்த முறை வருகிற நாள். "பயப்படாதேங்கோ" என்று மட்டும் நாங்கள் சொல்லக்கூடாது.

"பயப்படுறதோ விடுறதோ எண்டு அவை தீர்மானிக்கட்டும்," என்பார். "அது எங்கட வேலை இல்லை, பிள்ளை."

சனம் இடம்பெயர்ந்து திரும்பி வந்து குடியேறிய காலம் அது. சுருவில் பக்கத்துக் குறிச்சி ஒன்றிலிருந்து முறைப்பாடு வந்தது. சோறு மண்ணெண்ணெய் மணக்கிறது என்று. நான் போய் மாதிரி எடுத்தேன். எண்ணெய்க்கு மாதிரி எடுப்பதென்றால் கண்ணாடிப் போத்தல்தான் வேண்டும், அதுவும் மண்ணிறக் கண்ணாடி. மற்ற மாதிரிகளுக்குச் செய்வதுபோல அதே தண்ணீரால் போத்தலை அலசக்கூடாது, அலசினால் எண்ணெய் சுவரில் ஒட்டிக் கணக்குப் பிழைத்துவிடும். ஒரே தரத்தில் நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் மூடி, வெயில் படாமல் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தேன். மூடியைத் திறந்தபோதே மணம் சொல்லிவிட்டது.

தேடிப் பார்த்ததில், கொஞ்சம் தள்ளி ஒரு பாழடைந்த ஐஸ் தொழிற்சாலை. மண்ணுக்குள் புதைத்துவைத்த டீசல் தாங்கி, கவனிப்பாரில்லாமல் கறள் பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அதைப் புதைத்தது யார் என்று ஊரில் ஆளுக்கொரு கதை. சுண்ணக்கல்லில் உள்ள வெடிப்புகள் வழியாக எண்ணெய் தன் பாட்டில் நடந்து, பூமணி அக்காவின் கிணற்றுக்கு வந்து சேர்ந்திருந்தது.

அந்தக் கிணறு அந்தப் பக்கத்துக்கே நல்ல தண்ணீர்க் கிணறு. சுற்றியிருந்த கிணறுகள் எல்லாம் குளிக்கத்தான் உதவும். விடிந்தால் சைக்கிளிலும் தலையிலும் குடம், கான் என்று சனம் பூமணி அக்காவின் படலைக்குள் வரும். காணி பூமி உள்ள குடும்பம். முந்தி அந்தக் கிணற்றுக்கட்டில் எல்லோரையும் கால்வைக்க விடமாட்டார்களாம். சிலர் தள்ளி நின்று குடத்தை நீட்ட வேண்டும், வீட்டுக்காரர் அள்ளி ஊற்றுவார்கள். பூமணி அக்கா கலியாணம் செய்து வந்து, மாமனார் மாமியார் கண்ணை மூடிய பிறகு, கப்பிக் கயிற்றை எல்லோர் கையிலும் கொடுத்தா. "ஆருக்கு வேணுமோ அவையே அள்ளட்டும், எனக்குக் கை நோகுது" என்று சொன்னாவாம். அந்தச் சாக்கை ஊரில் எவரும் நம்பவில்லை, ஆனால் எல்லோரும் அள்ளினார்கள்.

முடிவு சொல்ல சேரும் நானும் போனோம். பூமணி அக்கா விறாந்தையில் கதிரைகளை இழுத்துப் போட்டா.

"வாங்கோ சேர், இருங்கோ. வெயிலுக்க வந்திருக்கிறியள், முதல்ல தண்ணியைக் குடியுங்கோ."

மினுக்கின வெண்கலச் செம்பு, விளிம்பு வரை தண்ணீர். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் தரும் தண்ணீரைக் குடிக்காமல் விடுவது சின்ன விசயமில்லை. ஏன் குடிக்கவில்லை என்று வீட்டுக்காரருக்கும் விளங்கும், ஊருக்கும் விளங்கும். அந்த வீட்டை, அந்த ஆட்களை வேண்டாம் என்று சொல்வது அது. காலம் காலமாக அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

சேர் செம்பை இரண்டு கையாலும் வாங்கினார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"அக்கா, இதை நான் குடிக்க ஏலாது. நீங்களும் இனிக் குடிக்கக்கூடாது. ஏனெண்டு சொல்லத்தான் வந்தனான்."

பூமணி அக்காவின் முகத்தில் இரத்தம் ஏறியதை நான் கண்டேன்.

"இந்தப் படலைக்குள்ள வந்து தண்ணி குடிக்காமல் ஒருத்தரும் போனதில்லை, சேர்."

"தெரியும் அக்கா. தண்ணியில எண்ணெய் இருக்கு. அது எவ்வளவு தூரத்துக்குப் பரவியிருக்கெண்டு இன்னும் தெரியாது. வாற வெள்ளிக்கிழமை பக்கத்துக் கிணறுகளும் பாக்க வருவம்."

"எப்ப மாறும்?"

"தெரியாது."

"மாறுமோ, மாறாதோ?"

"அதுவும் தெரியாது, அக்கா."

மாறும் என்று ஒரு சொல் சொன்னால் இந்த மனிதருக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேர் செம்பைச் சிந்தாமல் நிலத்தில் வைத்தார். அந்தத் தண்ணீரை முற்றத்தில் ஊற்றவும் இல்லை.

எங்கள் வழக்கப்படி கிணற்றுக்கட்டைச் சுற்றி நிறம் அடிக்க வேண்டும். வெள்ளை என்றால் குடிக்கலாம், மஞ்சள் என்றால் குளிக்கவும் தோய்க்கவும் மட்டும், சிவப்பு என்றால் ஒன்றுக்கும் எடுக்கக்கூடாது. வாசிக்கத் தெரியாத ஆளும் தூரத்தில் நின்றே அறிந்துகொள்ளட்டும் என்று சேர் கொண்டுவந்த ஏற்பாடு. சிவப்பு அடித்த இடங்களுக்குக் குடிதண்ணீர் பவுசரில், தாங்கி பூட்டிய லொறியில், வரும். நான் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தபோது பூமணி அக்கா வந்து, கப்பியிலிருந்து கயிற்றை உருவி, சுருட்டி, வீட்டுக்குள் கொண்டுபோனா. திரும்பி வந்து எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னா.

"என்ர கிணத்துத் தண்ணியைக் குடிக்காதவைக்கு பவுசர்த் தண்ணியில தேத்தண்ணி ஊத்தமாட்டன். வாங்கோ, இருங்கோ, சொல்லவேண்டியதைச் சொல்லுங்கோ. கிணறு மாறட்டும், பேந்து பாப்பம்."

சொன்னபடியே செய்தா. ஒவ்வொரு வெள்ளியும் போனோம். கதிரை வரும், விசிறி வரும், தேத்தண்ணி வராது. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் அவ்வளவு நேரம் வெறும் வாயோடு இருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டுமாகத்தான் இருப்போம். சேர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. "அவ சொல்லுறதில நியாயம் இருக்கு," என்பார். எனக்குத்தான் நாக்கு வறண்டுபோகும்.

கோயில் திருவிழா கிட்டியது. ஒரு வெள்ளிக்கிழமை ஒழுங்கையில் திரும்பும்போதே மிசின் இரைகிற சத்தம் கேட்டது. ஊரிலிருந்த தண்ணீர் இறைக்கிற மிசின் எல்லாம் பூமணி அக்காவின் கிணற்றடியில் நின்றன. வள்ளக்காரன் யோகன், ஊரில் எந்தக் காரியத்துக்கும் முன்னுக்கு நிற்பவன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"சேர், அடி தெரியுது. சேறெல்லாம் வாரியாச்சு. சுண்ணாம்பும் போட்டாச்சு. திருவிழாவுக்கு அக்காவின்ர கிணத்தில தண்ணி அள்ளலாம்."

ஆடு விழுந்தாலும் சரி, பூனை விழுந்தாலும் சரி, கிணறு பழுதுபட்டால் அடிமட்டும் இறைத்துச் சுண்ணாம்பு போடுவது எங்கள் ஊர்களில் எவ்வளவோ காலமாகச் செய்வது. திருவிழாவுக்கு முன் எல்லோரும் சேர்ந்து செய்வார்கள். அதைத்தான் செய்திருந்தார்கள். பூமணி அக்கா அவர்களுக்கெல்லாம் பவுசர்த் தண்ணீரில் சோறாக்கி வைத்துக்கொண்டு நின்றா. அத்தனை மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அந்த முகத்தில் ஒரு வெளிச்சத்தைக் கண்டேன்.

"யோகன், மிசினை நிப்பாட்டும்," என்றார் சேர்.

ஊற்றில் புதிதாக ஊறிய தண்ணீரில் நான் உப்பு அளக்கிற மானியை இறக்கினேன். உப்பு ஏறியிருந்தது. மேலே வானவில் நிறத்தில் எண்ணெய் முந்தியிலும் பார்க்கத் தடிப்பாகப் படர்ந்தது. தூரத்தில் சும்மா கிடந்த எண்ணெயை எல்லாம் அந்த வெறுங்கிணறு தன் பக்கம் இழுத்துவிட்டது. பக்கத்தில் மஞ்சள் வளையம் போட்ட கிணறுகளும் அடுத்த கிழமைகளில் சிவப்புக்குப் போயின.

திரும்பி வரும்போது சேர் வாகனத்துக்குள் மெதுவாகச் சொன்னார்.

"எண்ணெய் இருக்கெண்டு சொன்னம். இறைக்கக்கூடாதெண்டு சொல்லேல்லை. அவையில பிழை இல்லை, பிள்ளை."

மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. திருவிழா முடியட்டும், சனத்தைக் குழப்ப வேண்டாம், பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்று. சேர் "ஓம், ஓம்" என்று கேட்டுவிட்டு வைத்தார். அடுத்த ஞாயிறே கோயில் மடத்தில் சனத்தைக் கூட்டினார். பூமணி அக்கா முன்வரிசையில் இருந்தா. கிணறு முந்தியிலும் பார்க்க மோசம், திருவிழாவுக்கு இல்லை, எப்போது என்றும் தெரியாது என்று அவ முகத்தைப் பார்த்தே சேர் சொன்னார். அவ அழவில்லை. கையிலிருந்த விசிறியை மட்டும் மடியில் வைத்துவிட்டா. எனக்குத்தான் கண் கலங்கியது.

பிறகு சேர் ஒரு கண்ணாடிச் சாடியை எடுத்து மேசையில் வைத்தார். பீட்ரூட் சாறு கலந்த கடல் தண்ணீரை அதில் பாதிவரை விட்டு, அதன்மேல் ஒரு கரண்டியைப் பிடித்து, கரண்டி முதுகில் நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல வழியவிட்டார். கீழே சிவப்பு, மேலே தெளிவு. ஒரு பப்பாசி இலைக்காம்பை யோகனிடம் கொடுத்து, மேல் தண்ணீருக்குள் வைத்து ஆறுதலாக உறிஞ்சச் சொன்னார். நல்ல தண்ணீர் என்றான். இப்போது உம்மால் ஏலுமான மட்டும் உறிஞ்சும் என்றார். யோகன் வள்ளம் இழுக்கிற மூச்செல்லாம் சேர்த்து இழுத்தான். அடியிலிருந்த சிவப்பு கூம்பாக எழுந்து காம்புக்குள் போனது. அவன் துப்பிய துப்பில் முன்வரிசைக்கு எல்லாம் தெறித்தது. மடம் முழுக்கச் சிரித்தது. பூமணி அக்கா சீலையில் பட்ட சிவப்பைத் துடைத்துக்கொண்டு கேட்டா.

"அப்ப என்னெண்டு எண்ணெயை எடுக்கிறது, சேர்?"

"உறிஞ்சாமல் எடுக்கவேணும், அக்கா. கன நாள் எடுக்கும்."

கன நாள்தான் எடுத்தது. முதலில் அந்தப் பழைய தாங்கியைக் கிளப்பி, எண்ணெய் ஊறிய மண்ணை வெட்டி அப்புறப்படுத்தினோம். கிணற்றில் ஒரு சின்ன மிசினைப் பூட்டி, அதன் வாய் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் நிற்கும்படி மிதவையில் கட்டினோம். அது பால்குடிப் பிள்ளை மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும். எடுத்த தண்ணீர் ஒரு தொட்டியில் நின்று, எண்ணெய் மிதக்க, அதை வழித்தெடுப்போம். மிச்சம் படிப்படியாக விழுந்து காற்றுப் பட்டு, சிரட்டைக்கரித் தொட்டி வழியாகப் போகும். பரிசோதித்துச் சுத்தம் என்று கண்ட பிறகு, வளவின் மேற்குப் பக்கக் குழிகளில் விட்டு மண்ணுக்கே திருப்பிக் கொடுத்தோம். தீவில் ஒரு வாளித் தண்ணீரையும் கடலுக்கு விட மனம் வராது. மிசினைப் பார்த்துக்கொள்ள யோகன் தானாக வந்து நின்றான். யாராவது கொஞ்சம் கூட்டி ஓட்டப் பார்த்தால், "ஆறுதலா, ஆறுதலா, உப்பு என்ர வாய்க்குள்ள இன்னும் நிக்குது" என்று ஏசுவான்.

வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் போவது நிற்கவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாத வெள்ளிகளிலும் போய், இந்தக் கிழமை மாற்றம் இல்லை என்று சொல்லிவிட்டு வருவோம். மாரிகள் வந்து போயின. கிணற்றுக்கட்டில் சிவப்பு மங்க மங்க நானே திரும்ப அடித்தேன், ஒவ்வொரு முறையும் வெட்கப்பட்டுக்கொண்டு. அந்த நாட்களில் சேர் ஓய்வுபெற்றார். கொஞ்ச நாளில் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, யாழ்ப்பாணத்தில் மகள் வீட்டோடு இருந்துவிட்டார். நான் தனியே போனேன். படலையில் செருப்பைக் கழற்றினேன், தெரிந்ததையும் தெரியாததையும் சொன்னேன், வெறும் வாயோடு திரும்பினேன்.

பிறகு ஒரு மாரி முடிய எடுத்த மாதிரிகளில் எண்ணெய் இல்லை. நம்பாமல் திரும்ப எடுத்தேன். அப்போதும் இல்லை. வெள்ளைப் பெயின்ற் வாளியோடு போய்ப் பூமணி அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, எண்ணெய் போயிட்டுது. குடிக்கலாம். ஆனால் அண்டைக்கு இறைச்ச இறைப்பில ஏறின உப்பு முழுக்க இறங்கேல்லை. கொஞ்சம் சவர் நிக்கும். இனி முழுக்கப் போகுமோ எண்டு தெரியாது."

அவ உள்ளே போய்ச் சுருட்டி வைத்த கயிற்றைக் கொண்டுவந்து கப்பியில் கோத்தா. அள்ளின முதல் வாளித் தண்ணீரை அந்தச் செம்பில் ஊற்றினா. எனக்குத்தான் என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டேன்.

"உமக்குப் பேந்து, பிள்ளை. முதல்ல அந்த மனிசன் குடிக்கவேணும். வாரும், பஸ் வரப்போகுது."

போத்தலில் விட்டுக் கொண்டுபோவோம் அக்கா என்றேன். "போத்திலில கொண்டுபோக அதென்ன மருந்தே?" என்றா. செம்பின் வாயை வாழையிலையால் மூடிக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு, பண்ணைப் பாலம் தாண்டும் மட்டும் ஒரு குழந்தையைப் போலப் பிடித்திருந்தா. கொண்டக்டர் பெடியன் எட்டிப் பார்த்து, "என்னம்மா, கோயில் தீர்த்தமோ?" என்று கேட்டான்.

"இல்லைத் தம்பி. தண்ணி."

சேர் சாய்மனைக் கதிரையில் இருந்தார். மெலிந்துபோயிருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், ஏலவில்லை. பூமணி அக்கா படலையில் செருப்பைக் கழற்றியிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். இலையை அவிழ்த்து, செம்பை நீட்டினா.

"கிணத்துத் தண்ணி, சேர். அண்டைக்கு நீங்கள் குடிக்காமல் வைச்சது."

அவர் இடக்கையால் வாங்கினார். மகள் தாங்கிக்கொள்ள வந்தா, வேண்டாம் என்று தலையசைத்தார். ஆறுதலாகக் குடித்தார், இடையில் நிறுத்தி மூச்சு வாங்கி, திரும்பவும் குடித்தார். நாடியில் வழிந்ததைத் துடைக்கவில்லை. மகள் எங்களைச் சந்தோசப்படுத்த நினைத்து, "நல்ல தண்ணி, என்னப்பா?" என்றா.

சேர் நாக்குப் புரளாமல் ஒவ்வொரு சொல்லாக வெளியே எடுத்தார்.

"கொஞ்சம் சவர் நிக்குது, அக்கா."

எனக்கோ, அவ்வளவு தூரம் மடியில் வைத்துக்கொண்டு வந்தவவுக்கு, இந்த ஒரு நாளாவது பொய் சொல்லக்கூடாதா என்றிருந்தது.

"ஓம் சேர். இந்தப் பிள்ளையும் சொன்னது," என்றா பூமணி அக்கா. "நீங்களும் சொல்லுறியளோ எண்டு பாத்தனான்."

செம்பை அவர் கையிலிருந்து வாங்கி, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தா. பிறகு சேரின் மகளிடம் திரும்பினா.

"குசினி எங்க, பிள்ளை? இவை ரெண்டு பேருக்கும் நான் தேத்தண்ணி ஊத்தவேணும்."